இரண்டாம் பந்தி

சன்மதி அண்ணனின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆஸ்பத்திரி ஆயா கொடுத்த பேண்டேஜ் துணி. முடிச்சு நிற்கவில்லை, விரல்கள் அவ்வளவு மெலிந்திருந்தன. இன்னொரு சுற்று சுற்றி இறுக்கிவிட்டுத்தான் போனை எடுத்தாள்.

விழுப்புரம் வக்கீல் திருமுருகன்.

"கேள்விப்பட்டேன்மா. இன்னிக்கிப் பேசக் கூடாதுதான். பேசாம வுட்டா பின்னாடி நீங்களே என்னைத் திட்டுவீங்க."

"சொல்லுங்க சார்."

"அப்பீல் போட்டவரு எறந்துட்டா அப்பீலும் அதோட சரி. ஐகோர்ட்டுல கேஸு கட்ட மூடிடுவாங்க. கீழ்க்கோர்ட்டு தீர்ப்பு அப்டியே நிக்கும். கொலகாரன்னு எழுதனது எழுதனதுதான். நெருங்கின சொந்தம் யாராவது, நான் நடத்தறேன்னு முப்பது நாளுக்குள்ள மனு போட்டாதான் கேஸு உசுரோட இருக்கும்."

"நெருங்கின சொந்தம்னா?"

"பொண்டாட்டி, புள்ளைங்க. அவருக்கு ரெண்டும் இல்ல. அடுத்தது பெத்தவங்க, கூடப் பொறந்தவங்க. நீங்க போடலாம். அந்தக் கல்யாண வீடியோவப் புது சாட்சியமா எடுத்துக்கங்கன்னு கூடவே கேக்கலாம். செத்தவர மறுபடியும் கூண்டுல ஏத்த முடியாது. தீர்ப்ப அடிக்க முடியும்."

"சரி சார்."

"ஒண்ணு இருக்குது. இத்தன வருஷம் இத ஏன் சொல்லலன்னு மொதக் கேள்வியே அதான் கேப்பாங்க. மழுப்ப முடியாது. உள்ளத உள்ளபடி எழுதணும். உங்கப்பா வேற கூண்டேறி சாட்சி சொல்லியிருக்காரு."

"தெரியும் சார்."

அவள் போனை அணைத்துவிட்டுத் துணியின் நுனியைக் கட்டுக்குள் செருகினாள்.

"ஜல்தி ஏறுங்கக்கா," என்றான் ஆம்புலன்ஸ் டிரைவர். "இன்னிக்கி முகூர்த்த நாளு. டோல்கேட்டுல மாட்டுனா அவ்ளோதான்."

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். திண்டிவனம் தாண்டி, பெருமுக்கல் மலை தெரிகிற தூரத்தில் ஊர். அங்கே அப்பா காத்திருந்தார்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி ஹைவேயில் ஏறியது. ஸ்ட்ரெச்சர் குலுங்கும்போதெல்லாம் ஜீவகனின் தலை இடதுபக்கம் சாய்ந்தது. அவள் நேராக்கினாள். மறுபடியும் சாய்ந்தது. கூட்டேரிப்பட்டு வந்ததும் விட்டுவிட்டாள். தூங்கும்போதும் அவன் அப்படித்தான்.

திண்டிவனத்திலிருந்து ஊருக்குப் போகும் ரோட்டில் அவன் சைக்கிள் ஓட்டியிருக்கிறான். அவள் பிளஸ் டூ படித்த வருஷம் திண்டிவனத்தில் டியூஷன். மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மண்டி வேலையை முடித்துவிட்டு அவன் பஸ் ஸ்டாண்டில் நிற்பான். அங்கே எண்ணெய்ச் சட்டி காயும் கடை ஒன்று இருந்தது. மசால்வடை. வெங்காயம் போட்டது, பொழுது சாய்ந்தபிறகு சுட்டது. சமண வீட்டில் இரண்டுமே ஆகாது. ஒன்று வாங்கிப் பிட்டு அவளுக்குப் பெரிய துண்டைக் கொடுப்பான். பிறகு குழாயடியில் வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, சோம்பு கொடுத்து, சைக்கிளில் ஏற்றுவான். டைனமோ விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சிகள் கூட்டமாக வந்து முகத்தில் மோதும்.

"வாய மூடிக்கினு வா சன்மதி. பூச்சி உள்ள பூந்துச்சுன்னா ராச்சாப்பாடு ஆயிடும்."

அவள் சிரித்து, அதனாலேயே ஒரு பூச்சியை விழுங்கி, வழியெல்லாம் துப்பிக்கொண்டு போனாள். வீட்டு வாசலில் அப்பா லாந்தரோடு நிற்பார். கரண்ட் இருந்தாலும் லாந்தர்தான். "சாப்ட்டு படுங்க" என்று சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. சாப்பாடு எப்போதோ முடிந்திருக்கும். டியூஷன் இருக்கும் நாட்களில் அவளுக்கு நாலு மணிக்கே டப்பாவில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் ஓடியது. குழாய் வாயில் வடிகட்டித் துணி. நடக்கும்போது தரையில் கண். அப்பா அப்பாண்டைராஜன் யாரையும் அதட்டிப் பேசியதில்லை, கை ஓங்கியதில்லை. தப்பு செய்தால் அன்றைக்கு அவர் சாப்பிட மாட்டார். அவ்வளவுதான். அதற்கு அடியே வாங்கிவிடலாம் என்பான் ஜீவகன்.

அவன் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் கணக்கர். ஒரு மத்தியானம் மண்டிக் காவலாளி துரைக்கண்ணு, கடலை மூட்டையை முகர்ந்த நாயை இரும்புத் தடியால் அடித்தான். நாய்க்கு முதுகு உடைந்தது. ஜீவகன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். லோடுமேன்கள் விலக்கினார்கள். அன்று ராத்திரி எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் துரைக்கண்ணுவைத் தலையில் எடைக்கல்லால் அடித்து யாரோ கொன்றுவிட்டார்கள். மண்டிச் சாவி ஒன்று ஜீவகனிடம் இருந்தது. நாய்க்காக மனுஷனைக் கொன்றவன் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. வேறு ஆளைத் தேட அவர்களுக்கு அவசியம் வரவில்லை.

எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"பெருமுக்கல் மலையில. சும்மா உக்காந்துக்கினு இருந்தேன்."

அந்த ஒரு வாக்கியம் அவன் வாழ்க்கையைத் தின்றது. மலையில் அன்று ஆள் யாரும் ஏறவில்லை என்று சொல்ல அரசுத் தரப்பில் இரண்டு பேர் வந்தார்கள். அவன் தரப்பில் அப்பா சாட்சி சொல்ல வந்தார். விழுப்புரம் கோர்ட்டில் கூண்டின் கட்டையைத் தொடாமல், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எம் பையன் பொழுது சாஞ்சா தண்ணிகூட வாயில வைக்க மாட்டான். வெளக்கு வெளிச்சத்துல பூச்சி விழுந்து செத்துடுமேன்னு. சத்தியமா சொல்றேன். அவன் போயி ஒரு மனுஷனக் கொன்னான்னு சொல்றீங்களே."

"பொழுது சாஞ்சப்பறம் உங்க பையன் எங்க இருந்தாருன்னு நீங்க பாத்தீங்களா?" என்றார் அரசு வக்கீல்.

"பாக்கல. அவன் சொன்னா சொன்னதுதான்."

சன்மதி அப்போது அண்ணனைப் பார்த்தாள். அவன் அப்பாவைப் பார்க்கவில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆயுள் தண்டனை. அவன் சொன்ன இடமே பொய் என்பதும் ஒரு காரணம் என்று தீர்ப்பில் இருந்தது. அவளுக்கு வந்துகொண்டிருந்த வரன்கள் அந்த வாரமே நின்றன. சின்னக் கூட்டம், பெண் கொடுப்பதும் எடுப்பதும் அதற்குள்தான். அவள் அதற்காக அழவில்லை. விழுப்புரம் மின்வாரிய ஆபீஸில் வேலை இருந்தது. ஒரு ரூம் எடுத்துக்கொண்டு தங்கிவிட்டாள். அவள் டீ குடிக்கப் போனால் மற்றவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். வருஷங்கள் போயும் தாழ்த்தினார்கள்.

கடலூர் ஜெயிலில் ஜீவகனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அப்பீல் முடியும்வரை வெளியே இருக்கலாம் என்று ஐகோர்ட் விட்டது. அவன் வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தான். பிறகு அதுவும் இறங்கவில்லை.

சித்திரையில் லாரி ஓனர் ஆனந்தராஜ் அவளைத் தேடி ஆபீஸுக்கு வந்தான். திண்டிவனம் மண்டியில் லோடு ஏற்றுகிறவன். வியர்த்திருந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அக்கா, எங்க கல்யாண டிஸ்க்க போன்ல ஏத்திக் குடுன்னு எம் பொண்டாட்டி ஒரே பேஜாரு. ஏத்திக்கினு வந்து குடும்பமா பாத்துக்கினு இருக்கோம். பந்தியில கணக்கர் அண்ணன் குந்தினு இருக்காரு."

"எங்க அண்ணனா?"

"நான் பாக்கவே இல்லக்கா. மண்டிக்குன்னு ஒரு பத்திரிகைதான் வச்சேன். என்னை மாலையப் போட்டு மேடையில நிக்க வச்சிட்டாங்க. யாரு வந்தா, யாரு தின்னா, எனக்கு இன்னா தெரியும்? கல்யாணம் முடிஞ்ச கையோட ஒரிசா லோடு. திரும்பி வந்தா, மலையில இருந்தேன்னு அவரே சொல்லிட்டாருன்னு சொன்னாங்க. நானும் சரின்னு வுட்டுட்டேன். பாருங்க, மூலையில தேதி ஓடுது. மணி ஓடுது. எட்டே முக்கால். நம்ம விழுப்புரம் மண்டபம். எட்டே முக்காலுக்கு இங்க குந்தினு சோறு துன்னுக்கினு இருக்கற ஆளு திண்டிவனத்துல எப்டிக்கா கொல பண்ணுவான்?"

சொல்லிவிட்டு அழுதான். ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

அன்று சாயங்காலமே ஊருக்குப் போய், அப்பா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், அண்ணனிடம் காட்டினாள். படுத்தபடியே பார்த்தான். முதலில் சிரித்தான். குரல் போய்விட்டிருந்தது, காற்றுதான் வந்தது.

"அந்த ஊதா சட்ட எங்க போச்சு சன்மதி?"

"அண்ணா, இது ஒண்ணு போதும். மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கேக்கலாம்னு வக்கீல் சொல்றாரு."

"வேணாம்."

"பைத்தியமா உனக்கு? ஏன் அன்னிக்கே சொல்லல?"

"அப்பா நின்னுக்கினு இருந்தாரு. நான்தான் பண்ணலியே, ரெண்டு நாள்ல வுட்டுடுவாங்க, இதுக்குப் போயி கறி தின்ன கதைய ஏன் சொல்லணும்னு நெனச்சேன்." மூச்சு வாங்கினான். "அப்பறம் அவரு கோர்ட்டுல சத்தியம் பண்ணிட்டாரு. அதுக்குமேல எப்டி சொல்றது? அவரு இருக்கற வரைக்கும் வேணாம். போனப்பறம் போடு."

அப்பாவுக்கு எழுபத்தெட்டு. இவனுக்குத் தொண்டையில் கட்டி. மண்டியில் ஒரு மூட்டைகூடப் பிசகாமல் கணக்கு வைத்தவன், யார் முந்திப் போவார்கள் என்பதில் தப்பாகப் போட்டுவிட்டான்.

ஊர் வந்துவிட்டது.

கூட்டம் அதிகமில்லை. அழுகைச் சத்தமும் இல்லை. அவர்களுக்குள் ஓங்கி அழும் வழக்கமில்லை. அப்பா மகனின் காதருகே குனிந்து மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். உயிர் இருக்கும்போது சொல்ல வேண்டியது. ஆஸ்பத்திரியில் காலையில் சன்மதிதான் சொன்னாள். சொன்னதாக அவரிடம் சொல்லவும் செய்தாள். அவர் தலையாட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அத்தை குசுமா வாசலைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"அந்தத் தடியன் யாருடி? மாலய வச்சிக்கினு பூவரச மரத்தாண்ட நிக்கறானே."

"அண்ணனுக்குத் தெரிஞ்சவரு அத்தை. லாரிக்காரரு."

"மண்டி சகவாசத்தாலதான் இவ்ளோ வந்துச்சு. மூஞ்சியப் பாரு, இவன் ஊட்டுல எழவு விழுந்த மாதிரி."

பொழுது இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். ஆனந்தராஜ் கடைசி ஆளாகப் பாடைக்குப் பின்னால் போனான்.

வந்து குளித்து முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் சாம்பல் எடுத்துவிட்டு வந்த அப்பா கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் கலைந்திருந்தார்கள். குசுமா அத்தை உள்ளே கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டி பாத்திரத்தில் உரசும் சத்தம் கேட்டது.

"அந்த லாரிக்காரப் பையன் சுடுகாட்டுல தேம்பித் தேம்பி அழுதான்," என்றார் அப்பா. "இன்னிக்கிக் காலையிலயும் வந்து நிக்கறான். எங்கிட்ட வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்பறம் போயிட்டான். அவன் எதுக்கு அழணும்?"

சன்மதி கரண்டிச் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியும். சொல்லும்மா."

அவளுக்கு ஒரு வழி இருந்தது. ஒன்றுமில்லை, பழகின தோஷம் என்று சொல்லிவிடலாம். முப்பது நாள் ஓடிவிடும். அப்பா, எறும்பை மிதிக்காத மகனைப் பெற்றவராகவே இருந்துவிட்டுப் போவார். ஊரில் அவனைக் கொலைகாரன் என்கிறவர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது பழகிவிட்டது. எல்லோருக்கும் பழகிவிட்டது. அவள் டீ குடிக்கும் இடத்திலும்.

"அண்ணன் அன்னிக்கி மலைக்குப் போவலப்பா."

அவர் நிமிர்ந்தார்.

"விழுப்புரத்துல இருந்தான். அந்தப் பையன் கல்யாணத்துல. வீடியோ இருக்குது. கொல நடந்த நேரத்துல பந்தியில உக்காந்துக்கினு இருக்கான். அது கோர்ட்டுக்குப் போனா தீர்ப்ப மாத்திடலாம்னு வக்கீல் சொல்றாரு. அண்ணன் வேணாம்னுட்டான்."

"ஏன்?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"ராத்திரிப் பந்தியா?"

"ஆமாப்பா."

"சாப்பிடறானா?"

"சாப்பிடறான்."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. குசுமா அத்தை காதைத் தீட்டியிருக்க வேண்டும்.

"என்ன சாப்பாடு?"

சாம்பார் சாதம் என்று சொல்லலாம். பழைய படம், சின்னத் திரை. இலையில் என்ன இருக்கிறது என்று அவருடைய கண்ணுக்குத் தெரியாது.

"கறி பிரியாணிப்பா."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்தார். மறுபடியும் மடித்து மடியில் வைத்துக்கொண்டார். தெருவில் ஒருத்தன் சைக்கிளில் கீரை விற்றுக்கொண்டு போனான். அவன் குரல் தெருமுனை திரும்பி மறைந்தது.

"காட்டு," என்றார்.

அவள் போனை எடுத்துக் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்துக்கொண்டு, போனை இரண்டு கையாலும் பிடித்தார். வாசல் வெளிச்சம் திரையில் அடித்தது. துண்டை ஒரு பக்கமாகத் தூக்கி மறைத்துக்கொண்டார்.

நீளமான பந்தி. டியூப்லைட். இரண்டாம் பந்தி என்பதால் இலைகளுக்கடியில் போட்டிருந்த பேப்பர் நனைந்து கிழிந்திருந்தது. கேமரா ஒவ்வொரு முகமாகக் கடந்து வந்தது. ஊதா சட்டையில் ஜீவகன். கன்னங்கள் இருந்தன. தலைமுடி இருந்தது. குனிந்து வேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாளியோடு போன ஆளின் சட்டை நுனியை இடதுகையால் பிடித்து இழுத்தான். அந்த ஆள் ஒரு கரண்டி வைத்தான். ஜீவகன் இன்னும் என்று விரலைக் காட்டினான். வாளி அதற்குள் அடுத்த இலைக்குப் போய்விட்டது. அப்போதுதான் கேமரா வெளிச்சம் முகத்தில் விழுந்ததை உணர்ந்து, சட்டென்று இடதுகையால் முகத்தை மறைத்தான். பக்கத்து இலைக்காரன் ஏதோ சொன்னான். ஜீவகன் கையை எடுத்துவிட்டு, வாய் நிறையச் சோற்றோடு சிரித்தான். கேமரா அடுத்தவனுக்குப் போனது.

படம் நின்றது. அப்பா போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இன்னும் வேணும்னு கேக்கறான் இல்ல?"

"ஆமாப்பா."

"அந்த ஆளு இன்னும் ரெண்டு கரண்டி வச்சிட்டுப் போயிருக்கலாம்."

சமையலறை வாசலில் குசுமா அத்தை கரண்டியோடு வந்து நின்றாள். "என்னாண்ணா பேசறே நீ? இத வெளிய காட்டறதா? நாளைக்கி நம்ம ஜனம் இன்னா சொல்லும்? மாமிசம் தின்னான்னு…"

"கொல பண்ணான்னு சொல்லும்போது ஜனம் இன்னா சொல்லுச்சு குசுமா?"

கூழ் அடிப்பிடித்த வாசம் வர, அத்தை உள்ளே போனாள்.

"மனுவுல யாரு பேரு போடணும்?" என்றார் அப்பா.

"எம் பேருப்பா. வக்கீல்கிட்ட பேசிட்டேன்."

"வேணாம். வேலைக்கிப் போற பொண்ணு நீ, கோர்ட்டுக்கு எவ்ளோ நாளு அலைவே? எம் பேரப் போடச் சொல்லு. பெத்தவன் போடலாம் இல்ல?"

"போடலாம். ஆனா கேப்பாங்கப்பா. நீங்க சத்தியம் பண்ணிச் சொன்னது இருக்குது. அப்ப அது பொய்யான்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"இத்தன வருஷம் ஏன் மறச்சாருன்னு கேப்பாங்க. யாருக்காவ மறச்சாருன்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அதையும் நானே சொல்றேன்," என்றார். "வக்கீல் எப்ப வரச் சொல்றாருன்னு கேளு."

சன்மதி எழுந்தாள். திருமுருகனைக் கூப்பிட போன் வேண்டும். அது அவர் கையில் இருந்தது. திரை இருண்டிருந்தது. கேட்கலாமா என்று யோசித்து நின்றாள்.

"இத மறுபடியும் எப்டி ஓட வைக்கறது?"

அவள் குனிந்து கடவு எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். "அந்த முக்கோணத்தத் தொடுங்க."

அவர் தொட்டார். விரல் காய்ந்திருந்தது. போனுக்கு அது உறைக்கவில்லை. கையை வேட்டியில் தேய்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் அழுத்தமாக மறுபடியும் தொட்டார்.